உலகைச் சுற்றிய உருளைக்கிழங்கு குமரியில் ஏன் கிழங்கு வைக்கவில்லை?

திருவட்டாறு வட்டாரத்தில் சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், வகுப்பில் மாணவர்கள் எழுப்பிய ஐயத்தை எனக்கு எழுதியிருந்தார். உருளைக்கிழங்கு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இரண்டுமே தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை என்று படிக்கிறோம். அப்படியிருக்க, உலகின் பெரும்பகுதியில் பரவிவிட்ட உருளைக்கிழங்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏன் விளைவதில்லை? மரச்சீனி மட்டும் எப்படி நம் விளைகளில் (மேட்டுத் தோட்ட நிலங்களில்) நிலைத்தது? உருளைக்கிழங்கை உண்மையில் பரப்பியவர்கள் யார்? பள்ளித் தோட்டத்தில் அதை நட்டுப் பார்க்கலாமா? இவைதாம் அந்தக் கேள்விகள்.

நம் மாவட்டத்தில் உருளைக்கிழங்குக்குத் தடையாக இருப்பது இரவின் வெப்பம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ 500 ஆண்டுக் கால வரலாறு இருக்கிறது. மன்னர்களின் ஆணைகளும் மருத்துவர்களின் சான்றுகளும் உருளைக்கிழங்கைப் பரப்பின என்று நாம் படித்திருப்போம். என் கருத்தில் அவை இரண்டாம் நிலையிலேயே வைக்கத்தக்கவை. எவ்வளவு நீளமான பகல், எவ்வளவு குளிர்ந்த இரவு என்று அந்தச் செடி கேட்பதைக் கொடுக்க முடிந்த இடங்களில் மட்டுமே ஆணைகள் பலித்தன.

தெற்குப் பெருவும் பொலிவியாவும் சந்திக்கும் ஆண்டீஸ் மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நிலத்தின் உயரமும் குளிரும் புரியும். 7,000 ஆண்டுகளுக்கும் முன்பே அந்த மேட்டுநிலத்து மக்கள் காட்டு உருளைச் செடிகளைப் பயிராக்கிவிட்டார்கள். இன்றைய உருளை வகைகள் அனைத்தும் தெற்குப் பெருவில் ஒரே தோற்றத்திலிருந்து கிளைத்தவை என்று டேவிட் ஸ்பூனர் தலைமையிலான குழு 2005இல் மரபணுச் சான்றுகளோடு எழுதியது. ஆண்டீஸில் இன்னும் 4,000க்கும் மேற்பட்ட நாட்டு வகைகள் உள்ளன. ஊதா, கறுப்பு, மஞ்சள், சிவப்பு எனப் பல நிறங்களிலும், விரல்போல நீண்டும் முடிச்சு முடிச்சாகவும் இருக்கும் கிழங்குகளை ஒரே வயலில் கலந்து நடுவது அங்குள்ள உழவர்களின் வழக்கம். ஒரு வகை நோயிலோ உறைபனியிலோ போனாலும் இன்னொன்று மிஞ்சும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இந்தக் கணக்கை ஐரோப்பா கப்பலில் ஏற்றிக்கொள்ளவில்லை. அதன் விலை என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

காட்டு உருளையில் கசப்பும் நஞ்சும் உண்டு. அதை நீக்கவும், விளைந்ததை ஆண்டுக்கணக்கில் சேமிக்கவும் அம்மக்கள் கண்ட முறை மிக நுட்பமானது. ஜூன், ஜூலை மாதங்களில் அங்கே பகல் வெயிலாகவும் இரவு உறைபனியாகவும் இருக்கும். சிறு கிழங்குகளை இரவில் திறந்த நிலத்தில் பரப்பி உறையவிடுவார்கள். மறுநாள் வெயிலில் அவை இளகி மெத்தென்று ஆனதும் குவித்து வைத்து, வெறுங்காலால் மிதித்து நீரையும் தோலையும் பிரித்துவிடுவார்கள். சில நாள்கள் இப்படி உறைவதும் இளகுவதும் மிதிப்பதுமாகக் கழிந்த பின் காயவைத்தால், கூழாங்கல்லைப் போலக் கெட்டியாகி, ஆனால் கனமற்று இருக்கும் அந்தப் பண்டத்துக்குச் சுன்யோ என்று பெயர். அதில் ஒரு வகையை ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு வெண்மையாக்குவதும் உண்டு. இன்கா பேரரசின் களஞ்சியங்களில் மக்காச்சோளத்தோடு இதுவும் அடுக்கப்பட்டிருந்தது. 1545இல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அங்கே கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்ட பழங்குடித் தொழிலாளர்களுக்கு முக்கிய உணவாக அமைந்ததும் சுன்யோதான். உலக வணிகத்தையே மாற்றிய அந்த வெள்ளிக்குப் பின்னால் இந்த உலர்ந்த கிழங்கு இருந்ததைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்பானியர்கள் 1530களில் உருளைக்கிழங்கைக் கண்டார்கள். அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்ற சரியான நாளை யாரும் குறித்துவைக்கவில்லை, ஏனெனில் தங்கத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிழங்கு ஒரு செய்தியாகவே படவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை கணக்கேடுகள் மட்டுமே. 1567இல் கேனரித் தீவுகளிலிருந்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு உருளைக்கிழங்கு அனுப்பியதற்கான பதிவு ஒன்று இருக்கிறது. 1573இல் ஸ்பெயினின் செவில் நகர மருத்துவமனை ஒன்று அதை வாங்கியதாகக் கணக்கு எழுதியிருக்கிறது. 1588இல் வியன்னாவிலிருந்த தாவரவியலாளர் குளூசியஸின் கைக்கு அது வந்தது. 1596இல் பௌஹின் என்பவர் அதற்கு இன்றும் வழங்கும் சொலானம் டியூபரோசம் என்ற பெயரை இட்டார். அதாவது முதல் தலைமுறையில் அது தாவரவியல் தோட்டத்து வேடிக்கைப் பொருளாகவே இருந்தது.

அது வயலுக்கு இறங்க ஏன் 200 ஆண்டுகள் ஆயின? உழவர்களின் மூடநம்பிக்கை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விடை. வேதநூலில் பெயரில்லாத கிழங்கு, தொழுநோய் தரும் கிழங்கு என்ற பேச்சுகள் இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் தயங்கியதற்கு வலுவான காரணம் ஒன்று செடியிலேயே இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் பிறந்த ஆண்டீஸ் உருளை, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலுக்குப் பழகியது. பகல் அந்த அளவுக்குச் சுருங்கினால்தான் அது மண்ணுக்குள் கிழங்கு வைக்கத் தொடங்கும். வட ஐரோப்பாவிலோ கோடைப் பகல் 16, 17 மணி நேரம் நீளும். ஆகவே அங்கே நட்ட செடி கோடை முழுவதும் இலையும் தண்டுமாகத் தழைத்துக்கொண்டே இருந்து, செப்டம்பர் கடைசியில்தான் கிழங்கு வைக்கத் தொடங்கும். அதற்குள் உறைபனி வந்து செடியைக் கருக்கிவிடும். இலை செழித்து, அடியில் நெல்லிக்காய் அளவுக் கிழங்கு மட்டும் கிடைக்கும் பயிரை எந்த உழவர்தான் விரும்பி நடுவார்?

இதற்கு விதிவிலக்காக அமைந்த நாடு அயர்லாந்து. அட்லாண்டிக் கடலின் மிதமான காற்றால் அங்கே உறைபனி தாமதமாக வரும், அக்டோபர், நவம்பர் வரை செடி உயிரோடு நிற்கும். ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு முதன்முதலாக ஏழைகளின் அன்றாட உணவானது அங்கேதான் என்பது தற்செயல் அல்ல. மற்ற நாடுகளில், நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கும் செடிகள் ஒன்றிரண்டு தோன்றுவதும், உழவர்கள் அவற்றையே தேர்ந்து பெருக்குவதுமாகப் பல தலைமுறைகள் கழிந்தன. பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் ஒட்டிவைக்கப்பட்டிருந்த உருளை இலைகளின் மரபணுவைப் படித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் தொடக்கக் கால உருளைகள் ஆண்டீஸிலிருந்தே வந்தவை என்றும், நீண்ட பகலுக்குப் பழகிய சிலி நாட்டு உருளையின் கலப்பு பின்னரே சேர்ந்தது என்றும் காட்டியது.

செடி பழகிய பிறகுதான் மன்னர்கள் வருகிறார்கள். ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1756இல், உழவர்களை உருளைக்கிழங்கு நடச் செய்யும்படி அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். அதே ஆண்டு தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்ட பார்மந்தியே என்ற பிரெஞ்சு இராணுவ மருந்தாளர், சிறையில் கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்றே உடல்நலத்தோடு ஊர் திரும்பினார். 1772இல் பாரிஸ் மருத்துவப் புலம் அதை உண்ணத்தக்கது என்று அறிவித்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. பாரிஸை அடுத்த வயலில் பகலெல்லாம் காவல் போட்டு இரவில் காவலை விலக்கி, மக்களே வந்து திருடிப்போகும்படி அவர் செய்தார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அவருடைய கல்லறையில் இன்றும் பார்வையாளர்கள் பூவுக்குப் பதிலாக உருளைக்கிழங்கை வைத்துவிட்டுப் போகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 1840களில் ரஷ்ய அரசு உழவர்களின் பொது நிலங்களில் உருளைக்கிழங்கைக் கட்டாயமாக நடச் சொன்னபோது கலகம் வெடித்தது, படையை அனுப்பி அடக்க வேண்டியதாயிற்று.

ஆணைகளைவிடப் போர்களே உருளைக்கிழங்கைப் பரப்பின என்று நான் நினைக்கிறேன். படை ஒன்று ஊருக்குள் வந்தால் களஞ்சியத்துத் தானியத்தை அள்ளிச் செல்லும், நின்ற கதிரைக் கொளுத்தும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைத் தோண்டி எடுக்கப் படைவீரனுக்கு நேரமும் பொறுமையும் இருக்காது, படை போன பின் குடும்பம் அதைத் தோண்டி உயிர் பிழைக்கும். இதுவும் எல்லா நேரமும் கைகொடுத்துவிடவில்லை. 1778, 1779ஆம் ஆண்டுகளில் பிரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் பெரிதாகச் சண்டையிடாமல், உணவுக்காக நிலங்களைத் தோண்டித் தின்றே காலம் கழித்ததால் அதற்கு உருளைக்கிழங்குப் போர் என்றே பெயர் வந்தது. எப்படியாயினும், 1700க்கும் 1900க்கும் இடையே பழைய உலகக் கண்டங்களில் ஏற்பட்ட மக்கள்தொகைப் பெருக்கத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கு உருளைக்கிழங்கே காரணம் என்று நன், சியான் என்ற பொருளியல் அறிஞர்கள் இருவர் 2011இல் கணக்கிட்டார்கள்.

இங்கே ஒரு தாவரவியல் செய்தியைச் சொல்லியாக வேண்டும், அது மரச்சீனியோடு ஒப்பிடவும் உதவும். உருளைக்கிழங்கு ஒரு தண்டு, வேர் அன்று. மண்ணுக்குள் பருத்த அந்தத் தண்டின் கணுக்களைத்தான் நாம் கண் என்கிறோம். அலமாரியில் மறந்துபோன கிழங்கில் வெளிறிய முளை கிளம்புவதும், வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாவதும் அது தண்டு என்பதற்குச் சான்றுகள். (பச்சையான பகுதியில் சொலனின் என்ற நஞ்சு சேரும், அவித்தாலும் அது போகாது, ஆகவே வெட்டி எறிந்துவிட வேண்டும்.) கண்ணோடு துண்டாக்கி நட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. எனவே கப்பலில் போகும் ஒரு மூட்டை உருளை, உணவாகவும் விதையாகவும் ஒருங்கே பயணம் செய்கிறது, உலகைச் சுற்றிவர அதற்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? ஆனால் பஞ்சம் வந்தால் இதே வசதி ஆபத்தாக மாறும், ஏனெனில் பசித்தவன் விதையையும் தின்றுவிடுவான்.

அயர்லாந்தில் அதுதான் நடந்தது. 1841இல் அந்நாட்டு மக்கள்தொகை 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உருளைக்கிழங்கையும் மோரையும் தவிர வேறு உணவு பெரிதும் அறியாதவர்கள். உழைக்கும் ஆண் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கிழங்கு தின்றதாகக் குறிப்புகள் உள்ளன. நல்ல நிலமெல்லாம் நிலக்கிழார்களின் கோதுமைக்கும் மாட்டுக்கும் போய்விட, குத்தகைக் குடிக்கு மிஞ்சிய சிறு துண்டு நிலத்தில் குடும்பம் முழுவதையும் காப்பாற்றக்கூடிய ஒரே பயிராக அது இருந்தது. அதிலும் பெரும்பாலோர் நட்டது லம்பர் என்ற ஒரே வகை. துண்டு வெட்டி நட்டுப் பெருக்கியதால் நாடு முழுவதும் இருந்தவை உண்மையில் ஒரே செடியின் நகல்கள். 1845 செப்டம்பரில், பூஞ்சையை ஒத்த பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி அங்கே பரவியபோது, ஒரு செடியை வீழ்த்தியது எல்லாச் செடிகளையும் வீழ்த்தியது. இலையில் நீர் கோத்த புள்ளியாகத் தொடங்கி, ஈரமான காற்றில் சில நாள்களுக்குள் வயலே கருகி நாறும், தோண்டினால் கிழங்கு கூழாக இருக்கும். 1846இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. 1847இல் நோய் குறைவாகவே இருந்தது, ஆனால் விதைக்கிழங்கையும் தின்றுவிட்டிருந்ததால் நடுவதற்கே போதிய கிழங்கு இல்லை. அந்த ஆண்டைத்தான் அயர்லாந்து மக்கள் கறுப்பு 47 என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். சுமார் 10 இலட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள், 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 இலட்சமாகக் குறைந்திருந்தது. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நோய் பயிரைக் கொன்றது, மக்களைக் கொன்றதில் ஆட்சிக்கும் பங்குண்டு.

அந்தப் பஞ்ச நிவாரணத்தை இலண்டன் கருவூலத்திலிருந்து கையாண்டு, சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்ற கொள்கையால் உதவிகளைச் சுருக்கியவர் என்று கண்டிக்கப்படும் சார்லஸ் டிரெவெலியன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். தோள்சீலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் திருவிதாங்கூர் மன்னரை வற்புறுத்தி, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை அறிவிக்கச் செய்தவரும் இவரே. அயர்லாந்தில் ஒரு முகமும் நம் மாவட்டத்து வரலாற்றில் இன்னொரு முகமுமாக அவர் இருப்பது வகுப்பில் பேசத்தக்க செய்தி.

நோய்க்கு மருந்து 1885இல் வேறொரு பயிரின் வழியாக வந்தது. திராட்சைக் கொடியின் நோய்க்காக மில்லார்டே என்ற பிரெஞ்சு அறிஞர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து உருவாக்கிய போர்டோ கலவை உருளைக்கும் பயன்பட்டது. பாக்கு மரத்துக்கு இன்றும் நாம் தெளிப்பது அதையேதான். பாக்கில் காய் அழுகி உதிரச் செய்வதும், கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் மழைக்காலத்தில் இலை கொட்டச் செய்வதும் அதே பைட்டாப்தோரா பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள்.

இனி இந்தியாவுக்கு வருவோம். மேற்குக் கடற்கரைக்குப் போர்ச்சுகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பின்னர் ஆங்கிலேயர்கள் தாங்கள் கோடையில் தங்கிய மலைகளுக்கெல்லாம் அதைக் கொண்டுசென்றார்கள். நீலகிரியில் அதை 1822 வாக்கில் அறிமுகப்படுத்தியவர் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன். படுகர் சமூகத்து உழவர்கள் அதை எடுத்துக்கொண்டு பணப்பயிராக வளர்த்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், உதகைக்கு 1908இலும் மலை இரயில் வந்த பிறகு சமவெளிச் சந்தை நெருங்கி வந்தது. இன்றும் மேட்டுப்பாளையம் மண்டிதான் தமிழ்நாட்டின் பெரிய உருளைச் சந்தை. நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையில் செம்மண் அப்பிய கிழங்கை ஊட்டி உருளை என்று தனியாகக் குவித்துக் கூடுதல் விலை சொல்வதையும், வடமாநிலங்களிலிருந்து வரும் வெளிறிய வழவழப்பான கிழங்கைப் பக்கத்தில் விலை குறைத்துப் போட்டிருப்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நீலகிரிக்கும் அதன் சோதனை வந்தது. வேரில் தங்க நிற முத்துகளாக ஒட்டியிருந்து சத்தை உறிஞ்சும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் உதகையருகே கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே அனுப்பத் தடை வந்தது. உதகையருகே முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற வகையை 1985இல் தந்தது.

எனினும் இந்தியாவின் உருளைக் கதையை முடிவுசெய்தது மலை அல்ல, கங்கைச் சமவெளி. உத்தரப் பிரதேசத்திலும் வங்காளத்திலும் பீகாரிலும் குளிர்காலத்தில் பகல் 11 மணி நேரத்துக்கும் குறைவு, இரவு நன்றாகக் குளிரும். செடி கேட்கும் இரண்டுமே அங்கு ஒன்றாகக் கிடைக்கின்றன. முன்பு விதைக்கிழங்குக்கு மலையையே நம்ப வேண்டியிருந்தது, ஏனெனில் சமவெளியில் அசுவினிப் பூச்சி நச்சுயிரி நோய்களைப் பரப்பி விதையைக் கெடுத்துவிடும். அசுவினி குறைவாக இருக்கும் வாரங்களைக் கணித்து, அவை பெருகும் முன்பே செடியின் தழையை அறுத்துவிட்டுச் சமவெளியிலேயே நல்ல விதை எடுக்கும் முறையைப் புஷ்கர்நாத் என்ற அறிஞர் உருவாக்கினார். அதோடு குளிர்பதனக் கிடங்குகளும் சேர, இந்தியா இன்று ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் விளைவித்துச் சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. இந்த இரு நாடுகளும் சேர்ந்து உலக விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகின்றன.

இப்போது நம் மாவட்டம். கன்னியாகுமரி வடக்கே 8 பாகையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஆண்டீஸ் உருளைக்குப் பிடித்த பகல் நீளம் நம்மிடம் இருக்கிறது, அயர்லாந்திடம் இருந்ததில்லை. ஆனால் கிழங்கு நன்றாகப் பருக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 22ஐத் தாண்டினால் விளைச்சல் வேகமாகக் குறையும். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்கழி இரவுகூட அதற்குக் கீழே நிலையாக இறங்குவதில்லை. இரவு வெப்பம் கூடினால், பகலில் இலை செய்த சர்க்கரையைச் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும், கிழங்கு வை என்று இலையிலிருந்து தண்டுக்குப் போகும் வேதிச் செய்தியும் தடைபடும். பகல் நீளத்துக்கு உழவர்கள் 200 ஆண்டுகளில் செடியைப் பழக்கிவிட்டார்கள். இரவு வெப்பத்துக்கு இந்த அளவுக்கு இன்னும் பழக்க முடியவில்லை. குஃப்ரி சூர்யா போன்ற வெப்பம் தாங்கும் வகைகள் வந்திருந்தாலும், அவை கொடுக்கும் சலுகை ஓரிரு டிகிரிதான். மாவட்டத்தில் குளிர்ச்சியான உயரங்கள் இருக்கும் இடமோ காப்புக்காடு.

மரச்சீனி பிறந்த இடம் அமேசான் படுகையின் தென்மேற்கு விளிம்பு, அதாவது வெப்பமும் மழையும் நிறைந்த தாழ்நிலம். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும், பின்னர் மலபார்க் கரைக்கும் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூரில் அதை மக்கள் உணவாக ஊக்குவித்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அவித்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதை அரண்மனையே மக்களுக்குக் கற்றுத்தந்தது என்று சொல்லப்படுவதுண்டு. அந்த அறிவுரை முற்றிலும் சரி. மரச்சீனியில் சயனைடை விடுவிக்கும் பொருள் இருக்கிறது, துண்டாக்கி நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் அவித்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும். நம் வீடுகளில் காரணம் சொல்லாமலே பாட்டிமார்கள் அதைச் செய்துவருகிறார்கள்.

பார்மந்தியேயும் விசாகம் திருநாளும் செய்தது ஏறத்தாழ ஒரே வேலை. ஆனால் மரச்சீனியைக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் அடுப்பில் நிரந்தரமாக ஏற்றியது 1942. அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பான் இரங்கூனைப் பிடித்ததும், திருவிதாங்கூர் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களில் நாஞ்சில் நாட்டு நெல் இருந்தது. மேற்கே மேட்டு விளைகளில் இருந்தவர்களுக்குக் கிழங்கே சோறாயிற்று. அப்போது நம் பகுதி இன்னும் திருவிதாங்கூரில்தான் இருந்தது, தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல்.

பஞ்சப் பயிராக மரச்சீனிக்கு இருந்த பெரும் நன்மை அதன் உடலமைப்பில் இருக்கிறது. அது வேர், ஆகவே கண் கிடையாது, கிழங்கை நட்டால் முளைக்காது. நடுவது சுமார் ஒரு சாண் நீளக் கம்பு. கிழங்கு முழுவதையும் தின்றாலும் அடுத்த ஆண்டுக்கான கம்பு வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், 1847இல் அயர்லாந்துக்கு நேர்ந்தது மரச்சீனிக் குடிக்கு நேராது. தேவைப்படும் வரை மண்ணிலேயே விட்டுவைக்கவும் செய்யலாம். பறித்தால் இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடுவது அதன் குறை. அதனால்தான் அது உருளையைப் போல மூட்டையில் உலகைச் சுற்றவில்லை, சேலத்தில் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறிய பிறகே வெகுதூரம் போகிறது. இன்னொரு குறை, அதில் புரதம் மிகக் குறைவு. அயர்லாந்துக்காரருக்கு மோர் செய்த வேலையை நம் கரையில் சாளை மீன் கறி செய்தது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பல நல்ல வகைகளைத் தந்த பின்னும், ரப்பர் பரவியதால் விளைகளில் மரச்சீனியின் பரப்பு முன்போல இல்லை.

கடைசியாகப் பள்ளித் தோட்டம். உருளையை நடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், விளைச்சலை எதிர்பார்க்காமல் பாடமாக நடுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும், முளைகட்டிய கிழங்கை ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் நிழலில் வைத்து, நீர் தேங்காத பையில் நடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து நாள்தோறும் காலையில் குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். 90ஆம் நாள் பையைக் கவிழ்த்தால் தழையின் எடையையும் கிழங்கின் எடையையும் அவர்களே நிறுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதே தோட்டத்தில் ஆடியிலேயே சிறுகிழங்கும் நட்டுவிடுங்கள். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் செடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் இரவு வெப்பம் அதற்கு ஒத்துப்போகும், பகல் சற்றே சுருங்கும் மாதங்களில் கிழங்கு வைத்துப் பொங்கலுக்குச் சரியாகப் பறிப்புக்கு வரும்.